பிள்ளை பெறாமலே நாற்பது நாள் பத்தியம்

நான் பிள்ளை பெறவில்லை. ஆண்பிள்ளை இதை வாய்விட்டுச் சொல்லும்படி ஆயிற்று என் நிலைமை. வயிற்றுப் புண் முற்றி, ஆஸ்பத்திரியில் என் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பிய அன்றே என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வயிற்றைக் கிழித்துத் தைத்தாயிற்று. பிள்ளைக்காகக் கிழித்தால் என்ன, புண்ணுக்காகக் கிழித்தால் என்ன, நாற்பது நாள் பத்தியம் இருந்தே ஆக வேண்டுமாம்.

டாக்டர் சொல்லி அனுப்பியதோ வேறு. இரைப்பை சிறுத்துவிட்டது, இனிமேல் தின்பதில் உள்ள சத்து சரியாக உடம்பில் சேராது என்றார். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும், முட்டையும் மீனும் கட்டாயம், பி வைட்டமின் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, வாரம் ஒரு ஊசி, தினமும் நடை. இல்லாவிட்டால் சதை கரைந்து கால் நிற்காது என்றும் சொன்னார். நான் போஸ்ட்மேன். செமாபோக் வரை சைக்கிள் மிதிக்கிறவனுக்குக் காலை விட்டால் வேறு என்ன இருக்கிறது? விடுப்பு முடிந்து சைக்கிள் ஏற முடியாவிட்டால் என் ரவுண்டு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஆபீசில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

வீட்டிலோ முட்டை கரப்பான் பண்டம், மீனும் கரப்பான், தின்றால் புண் ஆறாது. மூன்று வேளையும் குழைந்த சோறு, மிளகு ரசம், சுட்ட பூண்டு. பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய குடும்பம், தமிழ் வராது. மலாயிலேயே எல்லாவற்றையும் என் மனைவிக்கு விளக்கி, பிரசவமானவளுக்குச் சுற்றுகிற நீளத் துணியையும் கொடுத்துவிட்டுப் போனார். அதை என் வயிற்றில் இறுக்கிக் கட்டினாள் மனைவி. வெட்கக்கேடு! ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றால் காற்றுப் பட்டுவிடும் என்று வாசலிலேயே மறித்தாள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் மெர்டேக்கா வந்தது. தெருவே பாடாங் மைதானத்துக்குக் கிளம்பிப் போனது. நான் கட்டிலில் கிடந்தேன்.

"நாட்டுக்கே சுதந்திரம் கெடச்சிருச்சு. எனக்கு ஒரு ஜன்னலத் தொறந்து விடக்கூடாதா?" என்றேன்.

அவள் ஜன்னல் கொக்கியை இன்னும் அழுத்திப் போட்டுவிட்டுப் போனாள்.

நாற்பத்தோராம் நாள் தலை முழுகிவிட்டுச் சைக்கிளை வெளியே எடுத்தேன். ஒரு மிதிதான் மிதித்திருப்பேன். தொடை வெடவெடவென்று நடுங்கியது, சைக்கிளோடு சாய்ந்தேன். எழுந்திருக்கக் கையை ஊன்றினால் முழங்கால் நிமிரவில்லை. தொடையைப் பிடித்துப் பார்த்தேன், எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. மனைவி ஓடிவந்து என்னைத் தூக்கித் திரிஷா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் என் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். இந்த வருஷம் சைக்கிளை மறந்துவிடு என்றார். என் ரவுண்டு போயிற்று. மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டார். மனைவி பையிலிருந்து புட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. யார் செய்த வேலை இது என்று டாக்டர் மேஜையைத் தட்டினார்.

"சாலா சாயா, டோக்டர்," என்றாள் அவள். தவறு தன்னுடையது என்று மலாயில் ஒப்புக்கொண்டாள்.

முட்டையைத் தடுத்தது அவள், ஊசிக்கு விடாதது அவள், அதெல்லாம் சத்தியம். ஆனால் வீட்டுக்கு வந்த முதல் நாள் ஒரு கையில் அந்தப் புட்டியும் மறு கையில் வெந்நீருமாக என்முன் நின்றவளும் அவள்தான்.

"டாக்டர் குடுத்தத மட்டும் போட்டுக்குங்க. இதுக்குப் பத்தியம் இல்ல," என்றாள்.

முகர்ந்து பார்த்தேன். புளித்த மாவு நாற்றம் அடித்தது. தூக்கிக்கொண்டு போ என்று எரிந்து விழுந்தேன். மூன்று நாள் கெஞ்சினாள், பிறகு விட்டுவிட்டாள்.

இதை டாக்டரிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். படிக்காத பெண்பிள்ளை, புருஷன் பிழைப்பையே கெடுத்துவிட்டாய் என்று அவர் அவளைத் திட்டி முடிக்கிற வரைக்கும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.