எதிர்பாராத இடம் அல்ல, கனகாக்காவின் முகம்

குக்கரை இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தால், எங்கள் புகைப்படக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் கறுப்புக் கரை போட்ட ஒரு நோட்டீஸ். ‘கண்ணீர் அஞ்சலி. செல்வி கனகவல்லி, ரயில்வே முன்பதிவு அலுவலகம் (ஓய்வு), ஸ்ரீரங்கம். ஞாயிறு காலை படத்திறப்பு. அனைவரும் வருக.’ அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. முந்தின நாள் மாலைதான் புத்தூர் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மூளையில் ரத்தக்கசிவு, நினைவு திரும்பவில்லை, எதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் செய்தி என்னை அவ்வளவு உலுக்கவில்லை. நோட்டீஸில் போட்டிருந்த படம்தான் உலுக்கியது.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். அஞ்சலிக் கட்டுரை என்றால் அடக்கமாக எழுத வேண்டும் என்று தெரியும், முடிந்தவரை முயல்கிறேன். உயிரோடு இருந்தபோது ‘அதை எடுத்துவிடுங்கள், எடுத்துவிடுங்கள்’ என்று கனகாக்கா மல்லுக்கு நின்ற அதே படத்தை, அவர் கண்ணை மூடிய கையோடு எடுத்துப் போட்டிருந்தார்கள். இனிமேல் கேட்க ஆள் இல்லை என்ற தைரியம். ஏன் இல்லை? நான் இருக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருச்சி ஜங்ஷன் முன்பதிவு அலுவலகத்தில் அவருடைய கவுண்டருக்குப் பக்கத்துக் கவுண்டர் என்னுடையது. நான் வேலையில் சேர்ந்தபோது அவர் அங்கே சீனியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் சொந்த வீடு. தம்பி ஒருவர் புனேயில் இருக்கிறார். கனகாக்காவுக்கு முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளி இருந்தது. காலேஜ் படிக்கும்போது உதட்டோரம் ஆரம்பித்து, கன்னம், நெற்றி, விரல்கள் என்று பரவியதாம். அது ஒரு தொற்றுநோயின் அடையாளம் என்று ஊரில் பாதிப் பேர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாய் கூசாமல் ‘குஷ்டம்’ என்று சொல்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை சட்டை மடிப்புக் கலையாத மனிதர் ஒருவர் மதுரைக்கு டிக்கெட் எடுத்தார். கனகாக்கா மீதிச் சில்லறையை நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “அங்கயே வைங்க, நான் எடுத்துக்கறேன்” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கனகாக்கா சிரித்தார்.

“ஒட்டாதுங்க, பயப்படாம வாங்கிக்கங்க. அப்படியே ஒட்டினாலும் உங்களுக்குக் கொஞ்சம் களை வரும்.”

வரிசையே சிரித்தது. அந்த மனிதர் சில்லறையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். இன்னொரு நாள் ஓர் அம்மாள் கண்ணாடிக்கு உள்ளே குனிந்து, தொட்டியத்தில் கைராசிக்கார வைத்தியர் ஒருவர் இருப்பதாகவும் மூலிகை எண்ணெய் தருவதாகவும் உருகி உருகிச் சொன்னார். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட கனகாக்கா, “எனக்கு மூட்டுவலிதாங்க தாங்க முடியல. அதுக்கு எண்ணெய் வச்சிருக்காரான்னு கேட்டுச் சொல்றீங்களா?” என்றார். இப்படித்தான் அவர். யாருடைய பரிதாபத்தையும் வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் அவருக்குக் கேமரா பைத்தியம் பிடித்தது. கைலாசபுரம் தொழிற்சாலை டவுன்ஷிப்காரர்கள் சிலரும் ரயில்வேக்காரர்கள் சிலரும் சேர்ந்து நடத்திய புகைப்படக் கழகத்தில் சேர்ந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் எல்லோரும் கும்பலாகக் கிளம்புவோம். காந்தி மார்க்கெட், உய்யக்கொண்டான் கரை, கொள்ளிடம் பாலம் என்று சுற்றிவிட்டு எங்காவது இட்லி சாப்பிட்டுப் பிரிவோம். மற்றவர்கள் மனிதர்களைத் தூரத்திலிருந்து நீள லென்ஸ் போட்டுச் சுடுவார்கள். கனகாக்கா அப்படிச் செய்யவே மாட்டார். பக்கத்தில் போய்ப் பேசுவார், எடுப்பார், எடுத்ததைத் திரையில் காட்டி, “இருக்கட்டுமா, அழிச்சிடவா?” என்று கேட்பார். அழிக்கச் சொன்னால் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவார்.

மார்க்கெட்டில் வாழையிலை விற்கிற பெண் ஒருத்தியை அப்படி எடுத்தார். ஈர இலைக் கட்டுகளுக்கு நடுவே, மேலே தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக வெயில் அவள் தோளில் மட்டும் விழுந்திருந்தது. நான் பார்த்தவரை அவர் எடுத்ததிலேயே அதுதான் உசத்தி. அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, “வேணாம்மா. கழுத்துல ஒண்ணுமில்லாம நிக்கிறேன், நாலு பேரு பார்ப்பாங்க” என்றாள். கனகாக்கா உடனே அழித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

“என்னக்கா நீங்க? அவளுக்குத் தெரியவா போகுது? போட்டிக்கு அனுப்பியிருந்தா பரிசு நிச்சயம்.”

“அவ மூஞ்சி அவளுக்குடி. எனக்குப் பரிசு வேணும்னா நான் அவ கழுத்தையா கடன் கேக்கணும்?” என்று என்னைக் கடிந்துகொண்டார்.

அந்த வருடப் போட்டிக்குக் கழகம் கொடுத்த தலைப்பு, ‘எதிர்பாராத இடத்தில் அழகு’. கனகாக்கா சந்தோஷத்தில் குதித்தார். என்ன எடுக்கலாம், எங்கே எடுக்கலாம் என்று பஸ்ஸில், கேன்டீனில், போனில் எல்லாம் அதே பேச்சு. கடைசியில் எங்கள் கவுண்டர் கண்ணாடியையே எடுத்தார். நாள் முழுக்க ஜனங்கள் குனிந்து பேசிப் பேசி விரலும் நெற்றியும் மூச்சும் பட்டு அழுக்கேறிய கண்ணாடி. சாயங்கால வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தபோது அத்தனை கைரேகையும் பொன் நிறத்தில் துலங்கியது. படத்தில் ஆளே இல்லை. ஆனால் ஊரே இருந்தது.

கண்காட்சி கைலாசபுரத்தில் ஒரு கூடத்தில் நடந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார் கனகாக்கா. அவர் படத்துக்குப் பரிசு இல்லை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. முதல் பரிசுப் படத்தை மட்டும் மேடையில் திரை போட்டு மூடி வைத்திருந்தார்கள். திரையை விலக்கினார்கள். ஆள் உயரத்துக்குக் கனகாக்காவின் முகம்.

கொள்ளிடக் கரையில் அவர் குனிந்து எதையோ படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவருக்கே தெரியாமல், தூரத்திலிருந்து எடுத்திருக்கிறார் கழகத்தின் மூத்த உறுப்பினர் பிரபாகர் சார். வெயிலில் ஒவ்வொரு வெண்புள்ளியும் விளிம்பு கட்டித் தெரிந்தது. அதற்குத் தலைப்பு வேறு: ‘சாபத்திலும் ஒரு சித்திரம்’. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிக் கனகாக்காவைப் பார்த்தார்கள். நடுவர் மைக்கைப் பிடித்து, யாருமே அழகைத் தேடாத இடத்தில் அழகைக் கண்டிருக்கிறார் பிரபாகர் என்றார். அட கடவுளே, அந்த நிமிஷம் அந்தக் கூடத்தையே கொளுத்தலாம் போல இருந்தது எனக்கு.

கனகாக்கா மெதுவாக மேடை ஏறினார். பொன்னாடை வாங்கத்தான் வருகிறார் என்று நினைத்து நடுவர் மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

“எதிர்பாராத இடம்னு போட்டிருக்கீங்க. சரி. என் மூஞ்சியில நீங்கள்லாம் வேற என்னத்த எதிர்பார்த்தீங்க?”



“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை உயர்த்தித்தானே காட்டியிருக்கேன்?” என்றார் பிரபாகர்.

“உயர்த்துறதுக்கு, என்னைக் கீழ வச்சது யாரு சார்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? காட்டினீங்களா? இதை இப்பவே எடுத்துடுங்க.”

எடுக்கவில்லை. கண்காட்சி முடியட்டும் என்றார் கழகத் தலைவர். இதற்கு நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்று ஒருவர் புத்தி சொன்னார். பொது இடத்தில் எடுத்த படம்தானே என்று இன்னொருவர் சட்டம் பேசினார். நாங்கள் டவுன் பஸ் பிடித்துத் திரும்பினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்த கனகாக்கா, பாலக்கரை தாண்டியதும் சொன்னார்:

“சில்லறைய கையால வாங்க மாட்டேன்னானே ஒரு ஆளு, அவன் எவ்வளவோ தேவலடி. இவங்க என்னைப் பாத்துட்டு, பாத்ததுக்காக அவங்களுக்கே கைதட்டிக்கிறாங்க.”

வாழ்நாளில் அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதோடு கழகத்துக்கு முழுக்குப் போட்டார். படம் எடுப்பதை மட்டும் விடவில்லை. ஆனால் அந்தப் படம் அவரை விடவில்லை. கழகத்தின் காலண்டரில் வந்தது, முகநூல் பக்கத்தில் வந்தது, எங்கெங்கோ பகிர்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் போன் செய்து எடுக்கச் சொல்வார். பார்க்கிறோம் மேடம் என்பார்கள். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஆக, நோட்டீஸைப் பார்த்ததும் பிரபாகரைக் கூப்பிட்டேன்.

“ரேவதி மேடம், இறந்தவங்க விஷயத்துல எதுக்குப் பழைய கதை? அவங்க பேரு நாலு பேருக்குத் தெரிஞ்சதே அந்தப் படத்தாலதான்” என்றார்.

“அவங்க பேரு எங்க சார் இருக்கு அதுல? உங்க பேருதானே இருக்கு!”

போனை வைத்துவிட்டார். கனகாக்காவின் தம்பி ஸ்ரீதரனைக் கூப்பிட்டேன். பாவம், புனேயிலிருந்து வந்து இறங்கிக் காரியங்களுக்கு அலைந்துகொண்டிருந்தார். “அக்கா போட்டோ எங்ககிட்ட நல்லதா ஒண்ணுமே இல்லீங்க. அந்த சார்தான் பெருசா பிரேம் போட்டு எடுத்துட்டு வரேன்னாரு. பரிசு வாங்கின படமாமே? நேர்ல பேசிக்கலாங்க” என்று, நான் விஷயத்தைச் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அக்கா தம்பியிடம் இதையெல்லாம் சொன்னதில்லை போலிருக்கிறது. தன் அவமானத்தைத் தந்தி அடித்துச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபம். மேசைமேல் பெரிய பிரேம். பச்சைப் பட்டுத் துணி போட்டு மூடியிருந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. சிறப்பு விருந்தினராக வந்திருந்த ஓய்வு பெற்ற அதிகாரி துணியை விலக்குவது, பிறகு மாலை போடுவது, பிறகு பேச்சு என்று ஏற்பாடு. அவர் எழுந்து துணியில் கை வைத்தார். நான் போய் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

“இந்தப் படத்தைக் கனகாக்கா வேண்டாம்னு சொன்னாங்க. மேடையில நின்னே சொன்னாங்க. இங்க இருக்கிற பாதிப் பேரு அன்னைக்கு அங்க இருந்தீங்க. யாராவது ஒருத்தர் எந்திரிச்சு, ‘நான் அதைக் கேக்கல’ன்னு சொல்லுங்க. நான் பேசாம உட்கார்ந்துடறேன்.”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஸ்ரீதரன் முன்வரிசையிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

“அக்கா வேண்டாம்னாங்களா?”

“ஆமா தம்பி. சாகிறவரைக்கும் சொன்னாங்க.”

அவர் அந்தப் பச்சைத் துணியின் பக்கம் திரும்பினார். பிறகு விருந்தினரிடம், “திறக்க வேண்டாங்க சார்” என்றார். அந்த மனிதர் எதையோ சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

“அப்ப வந்தவங்கல்லாம் எதைப் பாத்துக் கும்பிடறது?” என்று பிரபாகர் கேட்டார். இவ்வளவுக்குப் பிறகும் கேட்டார்.

“அக்காவைத் தெரிஞ்சவங்கதானே சார் வந்திருக்காங்க” என்றார் ஸ்ரீதரன்.

மாலையைத் துணியின் மேலேயே போட்டோம். புக்கிங் ஆபீஸ்காரர்கள் வந்தார்கள், பிளாட்பாரத்தில் டீ விற்கிறவர் வந்தார், அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பூப்போட்டு, மூடியிருந்த அந்தச் சட்டத்தின் முன் நின்று கும்பிட்டார்கள். யாரும் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்கவில்லை. கழகத்துக்காரர்கள் சிலர் காபி குடிக்காமலே கிளம்பிப் போனார்கள். போகட்டும்.

மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. துணியின் ஓரம் அடிக்கடி தூக்கியது. ஒரு தடவை கழுத்துவரை தெரிந்துவிட்டது. நான் பக்கத்தில் போய் நின்று, துணியின் கீழ்முனையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஆள் கும்பிட்டுவிட்டுப் போகும்வரை அப்படியே நின்றேன். போயிட்டு வாங்க அக்கா. துணி விலகவில்லை.