கட்ட மறுத்த ஆறடி

மனநல மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் உதவியாளர் வேலைக்கு அவரை எடுத்த அன்று யாரும் சான்றிதழைப் புரட்டவில்லை. ஆளை ஏற இறங்கப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆறடி உயரம், வாசலை அடைக்கும் தோள். அன்று முதல் அவருக்கு 'ஆறடி' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. வார்டில் யாராவது கை ஓங்கினால் மணி அடிப்பார்கள். ஆறடி ஓடிவந்து அமுக்கிப் பிடிப்பார். மற்றவர்கள் துணிப்பட்டையால் கை கால்களைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவார்கள். சிஸ்டர் ஊசி போடுவார். பதினான்கு வருஷமாக இதுதான் வேலை. பிடித்த பிடி நழுவியதே இல்லை என்று அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு திங்கட்கிழமை காலை, துணி அறையில் போர்வைகளை அடுக்கிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்தது. ஏறிய மூச்சு இறங்க மறுத்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. கதை முடிந்தது என்று நினைத்தபடி போர்வைக் குவியலின் மேல் சரிந்தார். இதயத்துக்கான சோதனைகள் அத்தனையும் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த வாரம் பேருந்தில் அதேபோல வந்தது. பிறகு மளிகைக் கடை வரிசையில் வந்தது. பேருந்தைக் கண்டாலே கால் பின்வாங்கியது. ஐந்து கிலோமீட்டர் நடந்தே வேலைக்கு வர ஆரம்பித்தார்.

வார்டு டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இது பதட்ட நோய். ஆபத்தே இல்லாதப்ப உடம்பு ஆபத்துன்னு கத்துது."

"எனக்கா? என்னப் பாத்தா பயந்தாங்கொள்ளி மாதிரியா இருக்கு, டாக்டர்?"

"இதுக்கும் தைரியத்துக்கும் சம்பந்தமே இல்லப்பா. சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு நோய். மாத்திரை இருக்கு, பயிற்சி இருக்கு. ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. பயமா இருக்குன்னு பஸ்ஸ விட்டு ஓடாதீங்க. ஓட ஓட அது வளரும்."

வீட்டில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி கேட்டாள். "ஊர்ல இருக்கறவங்க கை காலையெல்லாம் பிடிச்சீங்க. உங்க மூச்சப் பிடிக்க ஆள் இல்லையாக்கும்? நாளைக்கு நானும் பஸ்ல வரேன்."

முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் நாலு வரிசை பின்னால். மூன்றாவது வாரம் நிறுத்தத்தோடு நின்றுகொண்டாள். இடையில் இறங்கிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் மனம் பரபரத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெல்ல விட்டபடி, வருவது வந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அது வந்தது, போனது.

மாத்திரையை அவர் ஒளித்து வைக்கவில்லை. எல்லோர் முன்னாலும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மேற்பார்வையாளர் சிரித்தார். "பைத்தியத்தப் பாத்துக்கறவனே மாத்திரை போட்டா வார்டு விளங்கிரும்."

"பல் டாக்டருக்குப் பல் வலிக்காதா சார்?" என்றார் ஆறடி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு லாரி டிரைவர் வந்து சேர்ந்தார். நாலு நாளில் மூன்று முறை கட்டப்பட்டார். மூன்று முறையும் பிடித்தது ஆறடிதான். மணிக்கட்டில் பட்டையின் தடம் சிவந்து கிடந்தது. ஐந்தாம் நாள் காலை, மருந்து கொடுக்கும் நேரத்தில், யாரோ வார்டுக் கதவைச் சாத்தினார்கள். டிரைவர் மருந்துத் தட்டைத் தட்டிவிட்டு, எவர்சில்வர் டம்ளரை ஓங்கியபடி சுவரோடு ஒட்டி நின்றார். நாலு பேர் சூழ்ந்தார்கள். மணி அடித்தது.

ஓடிவந்த ஆறடி சட்டென்று நின்றார். ஏறி இறங்கும் மார்பு, கதவையே தேடும் கண், தாமாகவே பிசைந்துகொள்ளும் விரல்கள். துணி அறையில் தான் பட்ட பாடு அப்படியே எதிரில் நின்றது.

"எல்லாரும் வெளிய போங்க. சிஸ்டர், கதவத் தெறந்து விடுங்க."

"என்னய்யா பண்ற? பிடிச்சுக் கட்டு!" என்று கத்தினார் மேற்பார்வையாளர்.

"கட்ட மாட்டேன் சார்."

இரண்டு கை தூரத்தில், வழியை மறைக்காமல், பக்கவாட்டில் திரும்பி நின்றார். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். "டிரைவரே, நான் தொட மாட்டேன். வழி தெறந்துதான் இருக்கு. நெஞ்சு அடிச்சுக்குதா?"

பதிலுக்கு டம்ளர் பறந்து வந்தது. புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது.

"போதுமா? இப்பவாவது கட்டுறியா?" என்று வாசலிலிருந்து கேட்டார் மேற்பார்வையாளர்.

"ரத்தம் என்னோடது சார். கட்ட மாட்டேன்."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவரைப் பார்த்தார். "குறி பிசகவே இல்லையே. லாரியும் இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

டிரைவரின் உதடு துடித்தது. "கதவ மூடாதீங்க," என்றார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு துண்டு துண்டாக மற்றதும் வந்தது. லாரி கவிழ்ந்து, நசுங்கிய கேபினுக்குள் ஆறு மணி நேரம் கிடந்திருக்கிறார். கதவு சாத்தினால், கையைக் கட்டினால், மறுபடியும் அங்கேயே போய்விடுகிறார். இருபது நிமிஷம் கழித்து மாத்திரையைத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஆறடிக்குப் புருவத்தில் நாலு தையல் விழுந்தது. கூடவே மேலதிகாரியின் சொல்லை மீறியதற்கு விளக்கம் கேட்டு மெமோவும் வந்தது. விசாரணையில் மேற்பார்வையாளர், "இவரே ஒரு நோயாளி சார்," என்றார்.

"ஆமா. பதட்ட நோய். அதனாலதான் எனக்கு அது தெரிஞ்சுது. நல்லா இருக்கற உங்களுக்கு நாலு நாளா ஏன் தெரியல?"

சிஸ்டர் தன் குறிப்பேட்டை நீட்டினார். மூன்று முறையும் கதவு சாத்திய பிறகுதான் டிரைவர் கை ஓங்கியிருந்தார்.

இருந்தும் ஆறடியைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மெமோவை ரத்து செய்யச் சொல்லி வாரம் தவறாமல் மனு எழுதினார். ரத்து ஆகவில்லை. அவரும் நிறுத்தவில்லை. டாக்டரம்மா விடாமல் போராடி ஒரு புது விதி கொண்டுவந்தார். முதலில் ஒருவர் பேசிப் பார்க்க வேண்டும், டாக்டர் சொல்லாமல் கட்டக்கூடாது, கட்டினால் காரணம் எழுத வேண்டும். ஐந்தாவது வாரம் டிரைவர் வீடு திரும்பினார். இரண்டு மாதம் கழித்து ஆறடியும் வார்டுக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் பிடிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். பக்கத்துக் கட்டில்காரரின் கழுத்தை நெரிக்கப் போன ஒருவரை ஒருமுறை பிடித்தார். அடங்கியதும் விட்டார், காரணத்தைத் தன் கையால் எழுதினார்.

புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்குப் பாடம் எடுக்க அவரைக் கூப்பிட்டபோது மேற்பார்வையாளர் தனியே அழைத்துச் சொன்னார். "உன் நோய்க் கதைய மட்டும் விட்டுருப்பா. வார்டு மானம் போகும்."

ஆறடி நேராகப் போய் நாற்பது பேருக்கு முன்னால் நின்றார்.

"வணக்கம். எனக்குப் பதட்ட நோய் இருக்கு. இப்பக்கூட நெஞ்சு அடிச்சுக்குது. அது பாட்டுக்கு அடிக்கட்டும், நாம பாடத்த ஆரம்பிப்போம்."