சமதரை தேடி டிக்கோயாவுக்கு

காலை 8.20. நுவரெலியா பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆட்டோ பேசினேன். டிக்கோயா வைத்தியசாலை வரை சுமார் நாற்பத்தெட்டு கிலோமீற்றர்; போக மட்டும் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய். பேருந்தில் போயிருக்கலாம். ஆனால் மூன்று வயது மகள் கவி வளைவுகளில் வாந்தி எடுப்பாள். அவளுக்கு இழுப்பு. பதினொரு மணிக்குள் கிளினிக்கில் நம்பர் எடுக்காவிட்டால் அடுத்த தவணை இரண்டு மாதம் கழித்துத்தான்.

8.55. நானுஓயாவைத் தாண்டியதும் எண்ணெய் கருகும் வாசம். சாரதி சேகர் அண்ணன் ஏற்றத்திலேயே நிறுத்தி, பின்பக்கம் போய் எஞ்சினின் ஒயில் அளவு பார்க்கும் கோலை உருவினார். துடைத்தார், தோய்த்தார், பார்த்தார், மூடினார்.

“என்னண்ணே?”

“ஒன்னுமில்ல தங்கச்சி.”

ஒன்றுமில்லாததற்கு எவராவது இறங்கிப் பார்ப்பார்களா? நானும் இறங்கி, கோலைக் காட்டச் சொன்னேன். நுனி மட்டும் நனைந்திருந்தது. கீழ்க்கோட்டைக்கூட ஒயில் தொடவில்லை.

“கொறைஞ்சிருக்கே. சீட்டுக்குக் கீழ ஒயில் போத்தல் பாத்தேனே, ஊத்துங்க.”

“இங்க வச்சுப் பாத்தா சரியா காட்டாது. ரோடு சாஞ்சிருக்குல்ல.”

“அப்ப எதுக்கு இங்க பாத்தீங்க?”

“லீக்கான்னு பாத்தேன். நேத்து ஊத்துனப்ப சிந்துனதுதான் கருகுது.”

பதில் எல்லாவற்றுக்கும் இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாகப்பட்டது. ஒயிலை மிச்சம் பிடிக்கிறாரோ? நடுவழியில் எஞ்சின் இறுகி நின்றால்? சற்று தூரத்தில் அவர் ஒரு தோட்டப் பாதைக்குள் திருப்பியபோது, கொழும்பிலிருக்கும் கணவருக்கு வண்டி நம்பரை அனுப்பிவிட்டேன்.

9.10. பெரட்டுக் களம். காலையில் தோட்டத் தொழிலாளர் நின்று வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம். அந்தப் பக்கத்தில் சமதரை அது ஒன்றுதான். பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா சிரித்தார்.

“என்ன சேகரு, வண்டியும் பேர் குடுக்க வந்துருச்சா? இவ்வளவு லேட்டா வந்தா அரைப் பேருதான், அரை நாள் சம்பளந்தான்!”

“முழுப் பேரே போடுங்கக்கா, மேடேறி வந்துருக்கு.”

ஒயில் கீழிறங்கப் பத்து நிமிடம் காத்திருந்தோம். நான் கடிகாரத்தையே பார்த்தேன். பிறகு அவர் கோலை நீட்டினார். இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒயில். நம்பாமல் நானே துடைத்துத் தோய்த்தேன். அதே அளவு.

“நீங்க சொன்னப்ப ஊத்தியிருந்தா கூடிப்போய்ப் பொகையா கக்கியிருக்கும். பாப்பாவுக்கு இழுப்புன்னீங்களே.”

10.40. டிக்கோயா. நம்பர் கிடைத்தது. புதிய மருந்து: ஒரு வேளைக்கு இரண்டரை மில்லிலீற்றர், முதல் வேளை இரண்டு மணிக்கு.

பிற்பகல் 1.50. திரும்புவதற்கும் அவர் ஆட்டோவையே பேசியிருந்தேன். பெரட்டுக் களத்துக்குச் சற்று முன்னால் மருந்து அளக்கும் மூடியை எடுத்தேன். சேகர் அண்ணன் ஓரங்கட்டினார். வண்டி சாய்ந்து நின்றது.

“இங்க வேணாம்ணே. களத்துக்கே போங்க.”

“இப்ப யாருக்குப் பேரு?” என்றார் அந்த அக்கா. களத்துச் சிமெந்துக் கட்டின்மேல் மூடியை வைத்து, மண்டியிட்டு, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து ஊற்றினேன். கவி குடித்து முகம் சுளித்தாள்.

எங்கள் வீட்டுச் சமையலறைத் தரை, தண்ணீர் போகும் கானை நோக்கிச் சரிவு. அங்கிருக்கும் மேசையில் வைத்துத்தான் ஒரு வருடமாக அவளுக்கு மருந்து அளந்திருக்கிறேன்.