அரியமங்கலத்தில் ஒரு இடம் காலி

ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடில் எங்கள் செட்டில் பெண்கள் இரண்டே பேர், நானும் அவளும். அவளுக்கு முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் அப்பா குத்தகைக்கு வாழை போட்டிருந்தார். நான் ஸ்ரீரங்கம். என் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மா சித்திரை வீதியில் ஒரு மாமி வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

எலக்ட்ரீஷியன் சீட்டு முடிந்துவிட்டதால்தான் நான் வெல்டருக்கு வந்தேன். அவள் கேட்டு வாங்கி வந்தவள். வித்தியாசம் வேலையிலேயே தெரியும். அவள் ஓட்டிய வெல்டு இறுக்கிப் பின்னிய ஜடை மாதிரி ஒரே சீராக இருக்கும். மேலே படிந்த கசடு தட்டாமலே உரிந்து வந்துவிடும். நான் சுத்தியலால் தட்டித் தட்டிக் கசடு எடுத்துக்கொண்டிருப்பேன். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. மாலையில் எல்லோரும் போன பிறகு என் பின்னால் நின்று, "ராடை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிடி," என்பாள், அவ்வளவுதான்.

சேர்ந்த இரண்டாவது மாதம், சாப்பாட்டு நேரத்தில், அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. ஒன்பது வயதில் கடைசியாக வந்தது. பத்தாவது வரை மாத்திரை சாப்பிட்டாள். பிறகு டாக்டரே நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் வந்ததே இல்லை.

"இத ஏன் எங்கிட்ட சொல்ற?" என்று கேட்டேன்.

"ஒருவேளை இங்க வந்துச்சுன்னா நீ பயப்படக் கூடாதுல்ல. இரும்பெல்லாம் கையில குடுக்காத. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு, தலைக்குக் கீழ எதையாவது வை. தானா சரியாயிடும். வேற யார்ட்டயும் சொல்லிடாத."

நான் தலையை ஆட்டினேன். படிப்பு முடியும் வரை அது வரவே இல்லை.

பாஸ் பண்ணியதும் இருவரும் சேர்ந்தே வேலை தேடினோம். காலையில் அவள் முசிறி பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவாள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து நிற்பேன். சர்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினோம். பெரும்பாலும் கேட்டிலேயே முடிந்துவிடும். "இங்க லேடீஸ் டாய்லெட் இல்லம்மா," என்பார்கள். "ஆம்பளைங்க பேசற பேச்சு உங்க காதுல விழக் கூடாதும்மா," என்றார் ஒருவர், எங்களுக்கு நல்லது செய்வதுபோல.

ஒரு இடத்தில் மட்டும் முதலாளி உள்ளே கூப்பிட்டார். வேலை செய்துகொண்டிருந்த ஆட்களையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, மூலையில் நின்ற ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காட்டினார்.

"இத அந்தச் செவுத்துக்குக் கொண்டு போங்க பாப்போம்."

சிலிண்டரைத் தூக்கக் கூடாது, லேசாகச் சாய்த்து அடி விளிம்பிலேயே உருட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் மூடியைச் சரிபார்த்துவிட்டு, சாய்த்து, நிதானமாக உருட்டிக்கொண்டு போய் சுவர் ஓரம் நிறுத்தினாள். துளியும் தடுமாற்றம் இல்லை. முதலாளி ஆட்களைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா உருட்டுறியே. சப்பாத்திக் கடைக்குப் போ, ஒடனே எடுத்துக்குவான்."

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரை நான் அழுதேன். அவள் தன் துப்பட்டாவால் என் ஃபைலில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

ஐந்து மாதம் இப்படியே போயிற்று. அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். என் வீட்டில் அம்மா மாமியிடம் பேசினாள். மாமியின் மகன் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அரியமங்கலத்தில் அந்தக் கம்பெனிக்குச் சாமான் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. நானும் அன்றைக்கு அம்மாவோடு போயிருந்தேன். மாமி கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்தபடி சொன்னார்:

"எம்பிள்ளைகிட்ட சொல்லியிருக்கேன். அங்க ஒரு எடம்தான் காலியா இருக்காம். ஒழுங்கா வேலை பண்ணுவாளோன்னோ? அவன் பேரக் கெடுத்துடப்படாது."

"பண்ணுவா மாமி," என்றாள் அம்மா. நான் வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு இடம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவளையும் கூப்பிட்டேன். நட்பு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. தனியாகப் போகப் பயம். ஐந்து மாதமாக எந்தக் கேட்டுக்குள்ளும் நான் முதலில் கால் வைத்ததில்லை, அவள்தான் வைப்பாள்.

பட்டறை சூப்பர்வைசருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒருத்தி வருவான்னுதான் சொன்னாங்க. சரி, ரெண்டு பேருமே டெஸ்ட் குடுங்க. மூணு நாள். எவ நல்லா செய்றாளோ அவ இருக்கட்டும்."

முதல் இரண்டு நாள் டெஸ்ட் என்று அவர் சொன்னது, லாரியில் ஏற்ற வேண்டிய பிராக்கெட்டுகளுக்கு வெல்டு ஓட்டிக் கொடுப்பதுதான். காலையிலிருந்து இருட்டும் வரை இருவரும் ஓட்டினோம். எனக்குக் கொடுத்த முகக்கவசத்தில் கறுப்புக் கண்ணாடி ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் கண்ணுக்குள் மணலை வாரிப் போட்ட மாதிரி எரிந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். "அப்ப நாளைக்கு அவ மட்டும் வரட்டும்," என்றார். மறுநாள் காலையில் அவள் தன் கவசத்தை என்னிடம் கொடுத்துவிட்டு என்னுடையதை மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பிளேட் டெஸ்ட். இரண்டு இரும்புத் தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் இருக்கும் இடைவெளியைக் கீழேயிருந்து மேலே வெல்டால் நிரப்ப வேண்டும். அடியில் ஓட்டும் முதல் ஓட்டம், ரூட் என்போம், அது சரியாக உருகி இறங்கினால்தான் ஜாயிண்ட் நிற்கும். என் கண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அடிப்பக்கம் எனக்குச் சரியாக இறங்கவில்லை. எனக்கே தெரிந்தது. அதற்கு மேல் ஓட்டி, முகப்பை மட்டும் ஒப்பேற்றினேன்.

முடித்ததும் சூப்பர்வைசர் தகடுகளை மேஜையில் வைத்தார். ஆட்கள் டீக்காகக் கூடியிருந்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தகடுகளை மாற்றி எங்கள் கையில் கொடுத்தார்.

"அவ வேலைய நீ பாரு. உன் வேலைய அவ பாக்கட்டும். என்ன தப்புன்னு சொல்லுங்க. தப்பக் கண்டுபிடிக்கத் தெரியாதவங்க எனக்கு வேண்டாம்."

முதலில் அவளைக் கேட்டார். அவள் என் தகட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கீழ்ப்பாதியில் அவள் கட்டைவிரல் ஒரு நிமிஷம் நின்றது.

"நல்லா இருக்கு சார்," என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தார். அவள் தகடு என் கையில் இன்னும் சூடாக இருந்தது. நான் தேடினேன். முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், ஓரங்களைப் பார்த்தேன். சொல்ல ஒன்றுமே இல்லை. விரிசல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஓட்டியிருந்தாள்.

"என்னம்மா, சொல்ல ஒண்ணும் இல்லையா?"

இது எனக்கு வந்த வேலை, என் அம்மா கேட்டு வாங்கிய வேலை என்று மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது. கோபம்கூட வந்தது, அவள் இங்கே வந்ததே தப்பு என்பதுபோல.

"வெல்டு நல்லாத்தான் இருக்கு சார்," என்றேன். "ஆனா அவளுக்கு வலிப்பு வரும்."

ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை, சூப்பர்வைசரைத்தான் பார்த்தாள்.

"ஒம்பது வயசுல வந்தது சார். அப்புறம் வரல."

"இனிமே வராதுன்னு எழுதிக் குடுப்பியா?"

"டாக்டர் எழுதிக் குடுப்பாங்க சார்."

"டாக்டர் வந்து இங்க கரண்ட்டுக்குப் பக்கத்துல நிப்பாரா?" அவர் குரல் உயரவில்லை. "மறைச்சுட்டுல்ல வந்திருக்க. மேல ஏத்தி விட்டு நீ விழுந்து வெச்சா நான் ஜெயிலுக்குப் போறதா?"

அவள் கையுறைகளைக் கழற்றி மேஜையில் ஜோடியாக வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. இரண்டு தகடுகளையும் பட்டை பட்டையாக வெட்டச் சொல்லி, ஜாயிண்ட் தாங்குகிறதா என்று பார்க்கப் பிரஸ்ஸில் வைத்து வளைக்கச் சொன்னார். அவளுடையது குதிரை லாடம் மாதிரி வளைந்து வந்தது, ஒரு கீறல் இல்லை. என்னுடையது பாதி வளையும்போதே வாயைப் பிளந்துகொண்டது. ஆட்களில் யாரோ ஒருவர் 'ச்ச' என்றார். அது எதற்காக என்று எனக்குத் தெரியவில்லை.

சூப்பர்வைசர் என் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "உனக்கு வேலை கத்துக் குடுத்துக்கலாம். திங்கட்கெழமை வா."

பஸ் ஸ்டாப்புக்கு இருவரும் சேர்ந்தே நடந்தோம். வேறு வழி இல்லை, ஒரே ரோடு. பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவள் சொன்னாள்:

"உன் பிளேட்டுல கீழ ரூட் எறங்கல. பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"உனக்கு வேலை வேணுமே."

பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. அவள் ஏறினாள். நான் அடுத்ததில் வருகிறேன் என்று சொன்னேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்கள் என்னோடு சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். ஆனால் நான் போனால் டீக் கடையில் பேச்சு நிற்கும். சூப்பர்வைசர் மட்டும்தான் என்னோடு பேசினார். தினமும் சாயங்காலம், "இன்னிக்கு யாரும்மா என்ன பண்ணாங்க?" என்று கேட்பார். நான் சொன்னேன். முதலில் பயந்து சொன்னேன், பிறகு பழக்கமாகிவிட்டது. வெல்டிங் வேலை எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இதெல்லாம் பொய்யாகிவிடும். என் பெயர் எழுதிய முகக்கவசம் கொடுத்தார்கள். என் கை மெல்ல மெல்லப் படிந்தது. ஞாயிற்றுக்கிழமை காவிரியில் குளித்துவிட்டு வரும்போது கையில் இருக்கும் தீப்பொறித் தழும்புகளைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கும்.

அவள் அதற்கப்புறமும் வேலை தேடியிருக்கிறாள். ஒரு நாள் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னார், "உன் சிநேகிதி பக்கத்துப் பட்டறைக்கு வந்தாளாம். 'நீதான அந்த வலிப்புக்காரப் பொண்ணு'ன்னு கேட்டிருக்கான். திரும்பிப் போயிட்டாளாம்." இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்க அவர்தான் சொல்லி வைத்திருந்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்க முடியும். அவளுக்கு ஒரே ஒரு முறை வாட்ஸ்அப்பில் 'எப்படி இருக்க' என்று அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

மறு வருஷம் தீபாவளிக்கு அம்மாவுக்குச் சேலை எடுக்க மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போனோம். இரண்டாவது மாடியில், கவுண்டருக்குப் பின்னால், கடையின் யூனிஃபார்ம் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நான் அம்மாவை வேறு பக்கம் இழுப்பதற்குள் அவள் எங்களைப் பார்த்துவிட்டாள்.

"வாங்கம்மா. பட்டா, காட்டனா? என்ன மாதிரி பாக்கறீங்க?"

ஐ.டி.ஐ.க்கு வந்தபோது பார்த்திருந்ததால் அம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அட, நீயா கண்ணு? என்ன இங்க நிக்கிற? வெல்டிங் வேலை கெடைக்கலியா?"

"கெடைக்கலம்மா."

"நீதான் நல்லா செய்வேன்னு இவ வீட்டுல சொல்லுவாளே. இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இவ எடத்துலயே சேத்து விட்டிருப்பாளே."

அவள் ஒரு சேலையைப் பிரித்து அம்மாவின் தோளில் போட்டுப் பார்த்தாள். "இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்கும்மா," என்றாள்.

அம்மா கண்ணாடி முன்னால் போய் நின்றாள். நானும் அவளும் மட்டும் கவுண்டரில் இருந்தோம். நான் குனிந்து, "என்ன மன்னிச்சுடு," என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கீழே கிடந்த சேலைகளை ஒவ்வொன்றாக மடித்தாள்.

"உங்களுக்கு ஏதாவது பாக்கறீங்களா?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள், 'ங்க' போட்டு.

"வேண்டாம்," என்றேன்.

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னால கஸ்டமர் நிக்கறாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். எவ்வளவு பொறுமை, எத்தனை சேலை பிரித்துப் போட்டாள், முகம் சுளிக்கவே இல்லை. ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா என்றாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன்.