குழாயில் வந்த சேறு

என் அப்பாவை ஒரு வருஷத்துக்கு மேல் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை பஸ்ஸில் வைத்து முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்தேன். அம்மா என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. அந்த வருஷம் வந்து சேரவே இல்லை. குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கரில் தெளித்த விதை முளைத்துக் கருகிப்போனது. ஐப்பசியில் பச்சையாக இருக்க வேண்டிய வயலில் ஆடுகள் படுத்துக் கிடந்தன.

அம்மாவின் தம்பி, என் மாமா, சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே வாட்ச்மேன் வேலை காலி என்று போன் செய்தார். "நாலு நாள் வந்து பாருங்க மச்சான். புடிச்சா இருங்க, புடிக்கலன்னா பஸ் ஏறிடுங்க."

அதெல்லாம் சும்மா பேச்சு. குடியிருப்பின் செகரட்டரியிடம் மாமா ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார். அம்மாவும் வீட்டுப் பாத்திரத்தில் பாதியை மூட்டை கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

எங்களுக்குக் கொடுத்தது மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. மூன்று பேர் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. அம்மா மூட்டையை அவிழ்ப்பாள், கொஞ்ச நேரத்தில் திரும்பக் கட்டுவாள். அப்பா உட்காரவே இல்லை. கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்று மாமாவைக் கேட்டுக்கொண்டே நடந்தார். நானும் பின்னால் போனேன்.

தோட்டத்து ஓரத்தில் ஒரு இரும்பு மூடி இருந்தது. மாமா அதைத் தூக்கிக் காட்டினார். "இதான் சம்ப்பு. எல்லா வீட்டுக்கும் இதுலேர்ந்துதான் தண்ணி ஏறுது."

"மழைத் தண்ணி உள்ள போயிடாதா மாப்ள?"

"சுத்தி மண்ணு ஒசத்திப் போட்ருக்கு பாருங்க. வராது."

அப்பா குனிந்து ஆழம் பார்த்தார். என்னிடம், "இது மேல ஏறி வெளையாடக் கூடாது, தெரிதா?" என்றார்.

ஊரில் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே மடையை வெட்டினால் எவன் வயல் முழுகும் என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார்.

மூன்றாம் நாள் செகரட்டரி வீட்டு அம்மா எங்களை மேலே கூப்பிட்டாள். அங்கே ஒரு கைக்குழந்தை, பேரன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சுவர் அகலத்துக்கு டி.வி. குழந்தை என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தான்.

"நல்லா ஒட்டிக்கிட்டானே! இவளே பாத்துக்கட்டும். காலைல ஒம்போதுக்கு வந்தா சாயந்தரம் ஆறு வரைக்கும். சாப்பாடு இங்கயே."

"ஸ்கூல் இருக்குங்கம்மா," என்றாள் அம்மா.

"படிச்சுக் கலெக்டராவா ஆகப் போறா?"

மாமா பல்லைக் காட்டினார். "அதெல்லாம் பாத்துக்கலாங்கம்மா." அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். வாசலில் செருப்பைக் கழற்றிய அப்பா உள்ளே வரவே இல்லை. நான் ஒருத்திதான் துள்ளினேன். பள்ளிக்கூடம் கிடையாது, டி.வி. உண்டு. "நாளைக்கே வர்றேன் ஆன்ட்டி!"

"ஆன்ட்டி இல்ல. அம்மான்னு கூப்புடு."

எனக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. அறைக்குள் அப்பா, "போயிடலாமா?" என்றார்.

"தம்பி வாக்குக் குடுத்துட்டான். நாமளா வேணாம்னு போனா அவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவான்?"

"அவங்களா போகச் சொன்னா?"

"அவங்க எதுக்குச் சொல்லப் போறாங்க?" என்று அம்மா சிடுசிடுத்தாள்.

மறுநாள் காலையில் கேட்டருகே முழங்கால் தண்ணீர். அப்பா தோட்டத்து மண்வெட்டியை எடுத்து, ஓரத்தில் உயர்த்திப் போட்டிருந்த மண்கரையை இரண்டே போடில் வெட்டிவிட்டார். கேட்டருகே நின்ற தண்ணீர் வடிந்து தோட்டத்துக்குள் ஓடியது. நான் கைதட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே பால்கனி பால்கனியாகக் கத்தல். எல்லாக் குழாயிலும் செம்மண் தண்ணீர். செகரட்டரி முகத்தில் சோப்பு நுரையோடு இறங்கி வந்தார்.

"யாருய்யா வெட்டினது?"

"நாந்தாங்க. தண்ணி நின்னுது, வெட்டிவுட்டேன்."

"அங்க சம்ப் இருக்குன்னு தெரியாதா?"

"எங்க ஊர்ல அதெல்லாம் இல்லீங்களே," என்று அப்பா தலையைச் சொறிந்துகொண்டு அசடு வழியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மாமாதான் காட்டினாரே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை நகம் பதிய அழுத்தினாள். மாமா ஒரு நிமிஷம் அப்பாவையே பார்த்தார். பிறகு செகரட்டரியைவிடச் சத்தமாகக் கத்தினார். "இது என்ன வயக்காடா மச்சான்? மனுஷனா நீங்க?"

மாமாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு மச்சான் வாய்த்தானே என்று அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். எங்களை அன்றே கிளம்பச் சொன்னார்கள். ஆனால் அப்பா மத்தியானம் வரை சம்ப்புத் தொட்டிக்குள் இறங்கி, சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஏறினார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அவரை முட்டாள் என்றேன். திங்கட்கிழமை என்னை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. வழியெல்லாம் காலை இழுத்து இழுத்து நடந்தேன். பள்ளிக்கூடக் கேட்டருகே வந்ததும்தான் வெடித்தேன். "அங்கேயே இருந்திருந்தா எனக்கு ஸ்கூலே கெடையாது!"

"ஆமா," என்றார். "உள்ள போ."

அடுத்து வந்த கோடை முழுக்க அவர் செங்கல் சூளையில் மண் மிதித்தார். அந்தத் திங்கட்கிழமை மணி அடித்த பிறகும் வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். நகக்கண்ணில் இன்னும் அந்தச் செம்மண் இருந்திருக்கும். வேலையில்லாத ஆள், முட்டாள் மாதிரி நிற்கிறாரே என்று எரிச்சலோடு நோட்டை விரித்தேன்.