குரங்குப் புண்ணுக்கு நெயில் பாலிஷ்

கட்டுக்கார அக்காவின் கையால் அவள் நாத்தனார் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்து ஐந்து வருடமாகிறது. "சீழும் புழுவும் அள்ளுற கை, அண்ணி" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அக்கா சிரித்துவிடுவாள். மீட்கப்பட்ட குரங்குகளின் சரணாலயத்தில் டாக்டருக்கு உதவியாள். காயத்துக்குக் கட்டுப் போடுவதால் எல்லோருக்கும் கட்டுக்கார அக்கா. சீழ் அவளுக்குக் குமட்டியதே இல்லை. வீடுகளிலிருந்து பிடித்து வரும் குரங்குகள் மேல் வீசும் சென்ட் வாசனைதான் அடிவயிற்றைப் புரட்டும்.

அப்படி மணக்க மணக்க வந்தவள் பாப்பா. ஆறு வருடம் கவுன் போட்டு வளர்க்கப்பட்ட பெண் குரங்கு. குட்டியில் இடுப்பில் மாட்டிய பெல்ட்டை யாரும் தளர்த்தவில்லை. குரங்கு வளர்ந்தது, பெல்ட் வளரவில்லை. கவுனைக் கழற்றியபோது சதை பெல்ட்டை விழுங்கியிருந்தது. டாக்டர் அறுத்தெடுத்துத் தைத்தார்.

குரங்குப் புண் ஆறாது என்று சும்மாவா சொன்னார்கள். துணிச்சட்டை போட்டு மூடியும், அதன் அடியில் கையை விட்டு இரண்டு முறை தையலைப் பிரித்துவிட்டாள் பாப்பா. மூன்றாம் முறை தைத்துவிட்டு டாக்டர் கையுறையை உருவினார்.

"இன்னொரு தடவ பிரிச்சா இழுத்துத் தைக்கத் தோல் இல்லக்கா. பத்து நாள் தாங்கணும்."

இதற்கென்று ஒரு தந்திரம் உண்டு. நகத்தில் நெயில் பாலிஷ் பூசிவிட்டால் குரங்கு அதைச் சுரண்டுவதிலேயே பொழுதைக் கழிக்கும், தையலை மறந்துவிடும். அக்கா வலது கையை முடிப்பதற்குள் பாப்பாவுக்கு மயக்கம் தெளிந்துவிட்டது. சீசாவைப் பார்த்தாள். ஐந்து விரலையும் விரித்து, தலையைக் குனிந்தபடி, இடது கையைத் தானாகவே நீட்டினாள். காயும்வரை இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நகத்தைத் தொடவே இல்லை. விரல் நேரே தையலுக்குத்தான் போனது.

வளர்த்த அம்மாளுக்கு டாக்டர் போன் போட்டார். அந்த அம்மாள் சிரித்தாள். பாலிஷைக் கெடுத்தால் ஸ்கேலால் விரலில் ஒன்று வைப்பார்களாம். மற்றபடி ராணி மாதிரிதான் வைத்திருந்தார்களாம். கேட்டுக்கொண்டிருந்த அக்கா பாலிஷ் சீசாவை இறுக மூடினாள்.

மறுநாள் அவள் தன் நகத்திலேயே பாலிஷைப் பூசிக்கொண்டு கூண்டின் முன்னால் உட்கார்ந்தாள். பாப்பா பார்க்கப் பார்க்கச் சுரண்டி, செதில் செதிலாகக் கீழே போட்டாள். பாப்பாவின் கை இடுப்புக்குப் போகும்போதெல்லாம் கம்பியைத் தட்டிக் கூப்பிட்டாள். தான் இல்லாத நேரத்தில் மட்டும் அவள் கைகளுக்குத் துணியுறை கட்டிவிட்டுப் போனாள். நாள் முழுக்கக் கட்டினால் விரல் வீங்கிவிடும். வீட்டில் நாத்தனார் அக்காவின் நகத்தைப் பார்த்துவிட்டு, "குரங்குக்கு மாப்பிள்ளை பாக்கப் போறீங்களா, அண்ணி?" என்றாள்.

மூன்றாம் நாள் கம்பி வழியே ஒரு கறுத்த விரல் வந்தது. அக்காவின் நகத்தை ஒரே ஒரு சுரண்டு. உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தாள் பாப்பா. அக்கா கையை இழுக்கவில்லை. கண் திறந்தது. இன்னொரு சுரண்டு. மாலைக்குள் தன் நகத்துக்கே வந்துவிட்டாள்.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். புண் மூடியிருந்தது. அன்றுதான் அந்த அம்மாள், தூரத்திலிருந்து பார்க்க மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு, புதுக் கவுனோடு வந்தாள். அவள் குரல் கேட்டதுமே பாப்பா விரல்களை விரித்து, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

"பாத்தீங்களா, அம்மாவத் தேடுறா" என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்தாள். பிறகுதான் நகங்கள் கண்ணில் பட்டன. "சே, எப்படிக் கெடுத்து வச்சிருக்கா பாருங்க" என்று பையிலிருந்து புதுச் சீசா ஒன்றை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் அழுத்தினாள். அந்த அம்மாளின் கை பூவாய் மணத்தது.

அக்கா குழாயடிக்குப் போனாள். சீழ் அள்ளிய கையைக்கூட அவள் அத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்ததில்லை. திரும்பி வந்தபோது கார் போயிருந்தது. பாப்பா கட்டைவிரலில் மிச்சமிருந்த சிவப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சீசாவைக் குப்பையில் போடத்தான் எடுத்துப் போனாள். ஆனால் அடுத்த வாரம் பெல்ட் இறுகிய இன்னொரு குரங்கு வருவதாக டாக்டர் சொல்லியிருந்தார். மருந்துத் தண்ணீரில் சீசாவை இரண்டு முறை கழுவித் துடைத்து, கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.