எனக்கும் சாமைச் சோறு

எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் எனக்கு டீச்சர் வேலை. காலாண்டு விடுமுறையில் ஓயாத தாகம் என்று திருப்பத்தூர் டாக்டரிடம் போனேன். அவர் என் சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினார். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்குமாம். என்னுடையது பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு வயது முப்பத்திரண்டு. அம்மாவுக்கு இதே வியாதியில் கால் விரல்களை எடுத்திருந்தார்கள். அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

"ஆரம்பந்தாம்மா. வெள்ளை அரிசியையும் இனிப்பையும் குறைங்க. மலையில சாமை, கீரை, மொச்சைன்னு சாப்பிடறாங்களே, அதை அளவோட சாப்பிடுங்க. உடம்பு அசையணும். மூணு மாசம் கழிச்சும் ஆரஞ்சுன்னா மாத்திரைதான்" என்றார்.

இவ்வளவுதானே என்று துள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். சாமை விளைகிற ஊரில் சாமைச் சோறு கிடைக்காதா? கிடைக்கவில்லை!

நான் குடியிருந்த வீட்டிலேயே எனக்குச் சாப்பாடு. வீட்டுக்காரி என் வயதுக்காரி. அவள் புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவள் எனக்கு அண்ணி. வீட்டார் சாமையும் கேழ்வரகும் சாப்பிடுவார்கள். எனக்கு மட்டும் வாரச் சந்தையில் வாங்கிய நெல்லரிசியை மல்லிகைப் பூப்போல வடித்துக் குவிப்பாள்.

"அண்ணி, எனக்கும் சாமைச் சோறு போடுங்க."

"இன்னா டீச்சர் இப்டிக் கேக்கறீங்க? வெளியூர்லருந்து வந்தவங்களுக்குச் சாமையப் போட்டா ஊரு காறித் துப்பாது?"

வியாதியைச் சொன்னேன். "அப்ப சக்கரைய வுடுங்க. சோறு இன்னா பண்ணுச்சு?" என்றாள். கெஞ்சினேன், கோபித்தேன், ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டினி கிடந்தேன். அவள் என்னைவிடப் பிடிவாதக்காரி, அவளும் பட்டினி கிடந்தாள். மறுநாள் காலையில் இரண்டு பேர் வயிறும் ஒரே நேரத்தில் கடமுடா என்றது. சிரித்துத் தொலைத்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கியதும் தீர்ப்புச் சொன்னாள்.

"விருந்தாளிக்குச் சாமை கெடையாது. வூட்டு ஆளுக்கு உண்டு. வூட்டு ஆளுன்னா வேல செய்யணும்."

சொல்லிவிட்டு உலக்கையை என் கையில் கொடுத்தாள். முதல் நாள் பாதிச் சாமை உரலுக்கு வெளியே பறந்தது. கோழிகளுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு. என் வகுப்புப் பெண்கள் வேலியோரம் நின்று, "தப்பு டீச்சர், மறுபடி குத்துங்க!" என்று கத்தினார்கள். வாய்ப்பாட்டுக்காக நான் முட்டி போட வைத்தவளின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கை கொப்புளித்தது. ஆனால் அன்று மாலை என் தட்டில் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, ஒரு குவியல் கீரை! ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி சாப்பிட்டேன். சர்க்கரை போட்ட காப்பியை நினைத்து மட்டும் தினமும் ஏங்கினேன்.

அரையாண்டு விடுமுறையில் டாக்டர் குழாயைச் சூடாக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திறந்தால் நீலம்! அப்பழுக்கில்லாத நீலம்!

"சந்தோஷம். ஆனா விட்டுட்டா திரும்ப வரும். இந்தச் சாப்பாடு ஆயுசுக்கும்" என்றார் டாக்டர்.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஆளாகப் பிடித்துச் சொன்னேன். கண்டக்டருக்கு இரண்டு முறை. வாசலிலிருந்தே "அண்ணி, நீலம்!" என்று கத்தினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே ஓடினாள்.

சற்று நேரத்தில் என்னை இலையில் உட்கார வைத்தாள். மல்லிகைப் பூச் சோறு, அப்பளம், வெல்லப் பாயசம்.

"அதான் சரியாப் பூட்ச்சே டீச்சர். இனிமேலாவது நல்ல சோறு சாப்புடுங்க."

அந்த வாசனைக்கு என் கை தானாகவே சோற்றுக்குப் போய்விட்டது. அம்மாவின் கால் ஞாபகம் வந்து நிறுத்தினேன். பயமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்ப நான் மறுபடியும் விருந்தாளியா அண்ணி?"

 அவள் இலையை இழுத்து அண்ணன் முன்னால் போட்டாள். அவருக்கு வாயெல்லாம் பல். அவள் தனக்காக வைத்திருந்த சாமைச் சோற்றை எடுத்துவந்து சரிபாதியாகப் பிரித்து, ஒரு பங்கை என் பக்கம் தள்ளினாள்.

"சீக்கிரம் சாப்டு. பானையில சாமை தீந்துபோச்சி, குத்தணும்."